கைக்கு எளிதான கைத்துப்பாக்கி எது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில், லாஸ்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தால், இன்று பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை என்ற செய்தி முன்பே பரவிவிட்டது போலிருக்கிறது. மகிழ்ச்சி.

தலைப்பை நான் தேடிப் பிடிக்கவில்லை. நம் குடியிருப்பில் நாலைந்து பேர் தனித்தனியாகக் கேட்ட கேள்விதான் இது. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருவர், சில வீடுகளில் ஒருவர் மட்டும். "சட்டப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வைத்துக்கொண்டால் என்ன? ஆனால் சார், கையில் வலு இல்லை. லேசாக, அதிகம் உதைக்காத மாதிரி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிரித்துத் தள்ளிவிடக் கூடாது, அவசரப்பட்டு 'வாங்குங்கள்' என்றும் சொல்லக் கூடாது.

நான் துப்பாக்கி நிபுணன் அல்ல. பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல், இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலரின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அவர்கள் சாப்பாட்டு வேளையில் சொன்னதும், பிறகு சட்டத்தையும் விதிகளையும் நானே படித்துக்கொண்டதும்தான் என் கையிருப்பு. கூடவே, நோட்டு எண்ணி எண்ணித் தேய்ந்த கட்டைவிரல் ஒன்றும் இருக்கிறது. அதனால் 'கையில் வலு இல்லை' என்றால் என்ன என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லேசானது வேறு, எளிதானது வேறு

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை என்று விளம்பரமாக வந்த துப்பாக்கி ஒன்று உண்டு. 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பின் பெண்களை மனத்தில் வைத்துச் செய்ததாகச் சொன்னார்கள். பயமற்றவர் என்று பொருள். .32 போர், ஆறு தோட்டா, டைட்டானியம் உலோகக் கலவை, எடை சுமார் 500 கிராம். அன்றைய விலை 1,22,360 ரூபாய். கைப்பையில் வைக்கலாம், லேசாக இருக்கும் என்பதுதான் பெரிய செய்தியாக வந்தது. அதன் பிறகு இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை 'நிடர்' என்று .22 போரில் இன்னும் சிறிய ரிவால்வர் ஒன்றைச் செய்தது. எடை கால் கிலோதான்.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். அதைத்தான் உதை என்கிறோம். ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் போட்டுச் சுட்டால், எடை குறைந்த துப்பாக்கிதான் கையை அதிகமாக உதைக்கும். 700 கிராம் துப்பாக்கியை 500 கிராமாகக் குறைத்தால், உதையின் ஆற்றல் 700-ஐ 500-ஆல் வகுத்த மடங்கு, அதாவது 1.4 மடங்கு ஆகிறது. நாற்பது சதவீதம் கூடுதல். எடையைப் பாதியாகக் குறைத்தால் உதையின் ஆற்றல் இரட்டிப்பு. சுமப்பதற்கு லேசாக இருப்பது சுடுவதற்குக் கடினமாகிவிடுகிறது. கைப்பையில் தினமும் எடுத்துச் செல்பவருக்கு எடை முக்கியம். அலமாரிப் பெட்டியை விட்டு நகராத துப்பாக்கிக்கு அந்த லாபம் எதற்கு?

விளையாட்டுத் துறையைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பதக்கம் வென்றதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அந்தப் போட்டியில் பிஸ்டலின் எடை ஒன்றரைக் கிலோ வரை இருக்கலாம். ட்ரிகரை இழுக்கத் தேவையான பலமோ குறைந்தபட்சம் 500 கிராம்தான். கனமான துப்பாக்கி, லேசான ட்ரிகர். அலுங்காமல் சுடுவதற்கு உகந்த அமைப்பு அது. தற்காப்புக்கு என்று கடையில் விற்கும் சிறிய ரிவால்வர் இதற்கு நேர் எதிர்: லேசான துப்பாக்கி, கனமான ட்ரிகர்.

விரல் செய்ய வேண்டிய நான்கு வேலைகள்

'எளிது' என்ற ஒரு வார்த்தைக்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. திறப்பது, நிரப்புவது, ட்ரிகரை இழுப்பது, உதையைத் தாங்குவது. ஒன்றில் தேறி மூன்றில் கோட்டை விட்டாலும் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு ஆகாது.

முதலில் ரிவால்வரா, பிஸ்டலா என்ற கேள்வி. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் போகும் மேகசினில் இருக்கும். முதல் தோட்டாவை ஏற்ற, மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் 'அஷானி' போன்ற .32 பிஸ்டல்களில், வெடிப்பின் வேகத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான். அதனால் ஸ்பிரிங் விறைப்பாகவே இருக்கும். கட்டைவிரல் மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு இதுதான் முதல் தடை. ஸ்லைடை இழுப்பதற்குப் பதில், அதை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்த கையை முன்னால் தள்ளினால் சற்று எளிது. தோளின் பலம் உதவிக்கு வரும். ஆனாலும் பாதி இழுத்து விட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும். மேகசினில் தோட்டாக்களை அமுக்கி நிரப்புவதும் கட்டைவிரல் வேலைதான்.

அமெரிக்காவில் இந்தக் குறையை உணர்ந்து, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2018-இல் ஸ்லைடு எளிதாக நகரும் பிஸ்டல் ஒன்றை .380 அளவில் கொண்டுவந்தது. வயதானவர்களும் கைவலு குறைந்தவர்களும் அங்கே அதை வாங்குகிறார்கள். நமக்கு அது பார்த்துப் பெருமூச்சு விட மட்டும்தான். தனியார் இறக்குமதிக்குப் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு இருக்கிறது. போலீஸ் பயன்படுத்தும் 9 எம்.எம். ரகமோ பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட போர்.

ரிவால்வரில் ஸ்லைடு கிடையாது. உருளையில் தோட்டாக்களை விரலால் ஒவ்வொன்றாகப் போடலாம். ட்ரிகரை இழுத்தால் சுடும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். எனவே வலுக் குறைந்த கைக்குப் பொதுவாக ரிவால்வரைத்தான் சொல்வார்கள். அதிலும் இரண்டு வகை. பழைய கான்பூர் .32 ரிவால்வர்களில் தாழ்ப்பாளை விலக்கி, குழலைக் கீழே மடக்கித் திறக்க வேண்டும். மடக்க இரண்டு கையும் வேண்டும், ஆனால் வெற்றுத் தோட்டாக்கள் தாமாகவே மேலே எழும்பி வரும். 2023-இல் கான்பூரின் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனம் அறிவித்த 'பிரபல்' ரிவால்வரில் உருளை பக்கவாட்டில் விலகும். தோட்டா இல்லாமல் எடை 700 கிராம். நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையும் இதே நிறுவனத்தின் கீழ்தான் இருக்கிறது. பக்கவாட்டில் விலகும் வகையில் மடக்கும் வேலை இல்லை. ஆனால் வெற்றுத் தோட்டாக்களை வெளியேற்றக் கம்பியை உள்ளங்கையால் அமுக்க வேண்டும். எது உங்களுக்கு எளிது என்பதை உங்கள் கைதான் சொல்ல வேண்டும்.

இனி ட்ரிகர். ரிவால்வரில் ஒரே இழுப்பில் சுடுவதற்குப் பொதுவாக நாலரை முதல் ஐந்தரைக் கிலோ வரை பலம் வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீர் உள்ள வாளியை ஆள்காட்டி விரலில் மட்டும் மாட்டித் தூக்கிப் பாருங்கள். அந்த அளவுதான். துப்பாக்கியின் எடை 700 கிராம், விரல் கொடுக்கும் பலம் அதைப்போல ஏழு மடங்கு. அப்படியானால் குழல் முனை ஆடாமல் இருக்குமா? குறி தவறுவது பெரும்பாலும் கண்ணால் அல்ல, இந்த இழுப்பால்தான்.

"கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னால் இழுத்து வைத்துவிட்டால் ட்ரிகர் லேசாகிவிடுமே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு இறங்கிவிடும். ஆனால் சுட வேண்டிய தேவை வரவில்லை என்றால், இழுத்து வைத்த சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே, ட்ரிகரை அழுத்தி, மெல்ல இறக்க வேண்டும். வலுவில்லாத, வியர்த்த, நடுங்கும் கட்டைவிரல் அந்த நேரத்தில் வழுக்கினால் துப்பாக்கி வெடித்துவிடும். வலுக் குறைந்தவர்களுக்குச் சொல்லப்படும் இந்தக் குறுக்குவழி, அவர்களுக்குத்தான் மிக ஆபத்தானது.

சர்க்கரை நோயாளிகளுக்கு விரல் மடங்கி அப்படியே சிக்கிக்கொள்ளும் ஒரு தொல்லை வருமே, அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயரே 'ட்ரிகர் ஃபிங்கர்'தான். அது இருப்பவர்களும், மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தால் விரல் மரத்துப்போகிறவர்களும் கைத்துப்பாக்கிப் பேச்சையே விட்டுவிடுவது நல்லது. விரல் எங்கே இருக்கிறது என்று உணர முடியாத கை ட்ரிகர் மேல் இருக்கக் கூடாது.

போர் பற்றி ஒரு வார்த்தை. .22 தோட்டாவின் உதை மிகக் குறைவு. .32 ரிவால்வர் தோட்டாவும் சாதுவானதுதான். எனவே இந்தப் போர்களில் உதை பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை ட்ரிகரும் ஸ்பிரிங்கும்தான். இன்னொன்று, .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் வேறு வேறு. எண் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

உரிமம் பெற்ற ஆயுதக் கடையில், காலியாக இருப்பதைக் கடைக்காரர் திறந்து காட்டிய பிறகு, அவர் அனுமதியோடு, போலித் தோட்டா போட்டுச் சோதித்துப் பாருங்கள். உருளையைத் திறந்து மூடுவதைப் பத்து முறை செய்யுங்கள். ட்ரிகரை ஒரே கையால் பத்து முறை தொடர்ந்து இழுங்கள். முதல் இழுப்பு யாருக்கும் வரும். எட்டாவது, ஒன்பதாவது இழுப்பில் குழல் முனை ஆடுகிறதா, இரண்டாவது விரலும் உதவிக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இல்லை. மூட்டு வலி அதிகமாக இருக்கும் நாளில் போய்ப் பாருங்கள். திருடன் உங்கள் வலி குறைந்த நாளாகப் பார்த்து வரமாட்டான்.

கைப்பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணு எட்டி ட்ரிகரில் படிய வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றையும் மறக்காதீர்கள். உப்புக் காற்றில் எண்ணெய் போடாமல் வைத்தால் துருப்பிடித்து, இன்று ஐந்து கிலோவில் இழுபடும் ட்ரிகர் நாளை இன்னும் இறுகும். வாங்கும்போது இருந்த எளிமை பராமரித்தால்தான் நிலைக்கும்.

உரிமம்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு என்று சட்டத்தில் இல்லை, ஆனால் உடல், மன நலத்துக்கான மருத்துவச் சான்று கேட்பார்கள். பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழி, ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை அறிக்கை எல்லாம் உண்டு. பயம் என்று பொதுவாக எழுதினால் போதாது. உங்கள் உயிருக்கு என்ன ஆபத்து என்று அதிகாரி கேட்பார், தர மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் காலத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைக்க வேண்டும்.

பயிற்சிச் சான்றை ஒரு காகிதமாக நினைக்காதீர்கள். மருத்துவச் சான்றையும் குடும்ப டாக்டரிடம் கெஞ்சி வாங்காதீர்கள். 'இந்தக் கைக்கு இது முடியுமா?' என்று உங்களைத் தவிர வேறொருவர் நேர்மையாகச் சொல்லும் இடங்கள் அவை இரண்டும்தான்.

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அதைத்தான் நாட வேண்டும் என்பவை அதன் எல்லைகள். நாம் வசிப்பது தனி வீட்டில் அல்ல. நம் ஃப்ளஷ் கதவுக்கு அந்தப் பக்கம் பால்காரர் நிற்கலாம், ஜன்னலுக்கு எதிரே அடுத்த பிளாக் இருக்கிறது. கதவு குண்டைத் தடுக்காது. ஐந்து கிலோ இழுப்பில் ஆடிய குழல் முனை எங்கே பார்க்கிறது என்பது நம் எல்லோருடைய பிரச்சினை. கவனக்குறைவாகச் சுட்டு மற்றவர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பது தனிக் குற்றம் என்று 2019 திருத்தமே சொல்கிறது.

இரண்டு சாவி

வங்கியில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. வீட்டிலும் அதே விதி வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகளுக்கு அலமாரியின் மேல்தட்டு ஒரு பொருட்டே அல்ல. வீட்டில் மறதி நோயாளியோ மனச்சோர்வில் இருப்பவரோ உண்டென்றால், துப்பாக்கி அந்த வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

லாக்கரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆயுதமும் வெடிபொருளும் வைக்கக் கூடாது என்று நீங்கள் கையெழுத்திட்ட லாக்கர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

இப்போது இந்த இரண்டு சாவியையும் கணக்கில் சேருங்கள். நள்ளிரவில் சத்தம் கேட்கிறது. கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, இரண்டு பூட்டைத் திறந்து, வலிக்கும் விரலால் ஆறு தோட்டாக்களைப் போட எவ்வளவு நேரமாகும்? உடனே எடுக்க வசதியாகத் தோட்டாவோடு தலையணைக்கடியில் வைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து. பத்திரமாக வைத்தால் நேரத்துக்கு உதவாது. வரவு செலவு எழுதிப் பார்த்தால், நம்மில் பலருக்கு இந்தக் கணக்கு நேராக வராது.

வேறு என்ன செய்யலாம்?

கைவலு குறைந்தவர்களுக்கு உண்மையிலேயே எளிதானவை சில உண்டு. வெளியே கிரில் கதவு, உள்ளே சங்கிலி, திறக்காமலே ஆள் பார்க்க லென்ஸ் அல்லது கேமரா மணி. படுக்கை பக்கத்தில் ஒரு பட்டன், அதை அழுத்தினால் வாட்ச்மேன் அறையிலும் பக்கத்து வீட்டிலும் ஒலிக்கும் மணி. இதற்கு ஐந்து கிலோ பலம் வேண்டாம். 112-க்கு ஒரு போன். மிளகு ஸ்ப்ரேக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் மூடிய அறையில் அடித்தால் நமக்கும் இருமல் வரும், ஆஸ்துமா இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். அதையும் வாங்குமுன் உங்கள் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள்.

ஏற்கெனவே உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2016 விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது, தன் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு உரிமம் கோரலாம். வாரிசு தனியாக விண்ணப்பித்துத் தகுதி பெற வேண்டும். கை தளர்ந்த பிறகும் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பதைவிட அது மேல். வாரிசுக்கு வேண்டாமென்றால் முறைப்படி விற்கலாம், ஒப்படைக்கலாம்.

உரிமதாரர் காலமாகிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் இருப்பவர்கள் கையில் உரிமமில்லாத ஆயுதம் இருக்கிறது. அப்பா நினைவாக அலமாரியில் இருக்கட்டும் என்பது சட்டத்தின் கண்ணில் குற்றம். காலதாமதம் செய்யாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு விண்ணப்பம் போடலாம். அதனால் உரிமப் புத்தகம் எங்கே, துப்பாக்கி எங்கே, தோட்டா எத்தனை, எந்தச் சாவி எதற்கு என்பதை, வங்கிக் கணக்குகளை எழுதி வைப்பது போலவே எழுதி, மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளைகளிடமோ இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

பட்டன் வைத்த மணிக்கு ஒரு மாதிரி வாங்கி வந்திருக்கிறேன். மேசையில் இருக்கிறது. வலி இருக்கும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள். எத்தனை வீடுகளுக்கு வேண்டும் என்று தெரிந்தால் மொத்தமாக விலை பேச வசதியாக இருக்கும்.